செவலைக்கு ஐந்து ஊசி

"அவர் வர்றதுக்குள்ள ஊசியைப் போட்டுடுங்க டாக்டர். பார்த்தார்னா வீடு ரெண்டாயிடும்" என்றாள் அவள், வாசலில் ஒரு கண் வைத்தபடி.

கால்நடை மருத்துவர் குனிந்து செவலைப் பசுவின் மடியை அமுக்கிப் பார்த்தார். பின்பக்கம் கல்லாக இறுகிக் கிடந்தது. மடி முழுக்க மஞ்சள் களிம்பு.

"முந்தாநாள் டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போன பாலுக்கு ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"வந்துடுச்சும்மா. பார்த்துக்கலாம். இது என்ன பூச்சு?"

"எங்க வீட்டுக்காரர் கைங்கரியம். முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தினவர், ரிட்டையர் ஆனதும் மூலிகை நிபுணர் ஆயிட்டார். மடிநோய்க்கு ஊசியே ஆகாதாம். கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு. ஒரு நாளைக்குப் பத்து தடவை பூசறார். என் மிக்ஸி ஜாருக்குக் காமாலையே வந்துடுச்சு."

"எது எது எவ்வளவு போடறார்?"

"கத்தாழை கால் கிலோ, மஞ்சள் ஒரு கைப்பிடி, சுண்ணாம்பு நெல்லிக்காய் அளவு. ஏன் டாக்டர், நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. மனுஷன் மனசு ஏன் நோகணும்? அது பாட்டுக்கு அது, ஊசி பாட்டுக்கு ஊசி."

இவ்வளவு பெருந்தன்மையான டாக்டரை அவள் பார்த்ததில்லை. கணவர் கத்தாழை வெட்டப் போகும் நேரம் பார்த்து தினமும் போன் செய்தாள். ஐந்து நாளும் டாக்டர் முகம் சுளிக்காமல் வந்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. திரிதிரியாக வந்துகொண்டிருந்த பால் தெளிந்துவிட்டது.

"பார்த்தியா? என் களிம்புக்கு முன்னாடி டாக்டர் ஊசியெல்லாம் எம்மாத்திரம்?" என்றார் கணவர்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பால் பாத்திரத்தைக் கழுவப் போனாள். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அதுதான் வினையாகப் போயிற்று. செய்தி தெருவெல்லாம் பரவி, பால் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டு மேடையில் ஏற்றிவிட்டார்கள். மைக்கைப் பிடித்தவர் நாற்பது நிமிடம் விடவில்லை. ஊசி போடுகிறவர்களை ஒரு பிடி பிடித்தார். முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவர் ஓய்ந்ததும் சங்கச் செயலாளர் எழுந்தார். "நம்ம சங்கத்து முந்நூறு மாட்டுக்கும் இனிமே சாரோட களிம்புதான். ஊசியை இன்னியோட நிறுத்தறோம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள். வீட்டில் சண்டை வேண்டாம் என்று அவள் மறைத்தது, இப்போது ஊர் மடியெல்லாம் கெட வழி செய்துவிட்டது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். டாக்டரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர் இது? எழுந்து உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நானே மேடையேறிச் சொல்லிடுவேன். வீட்டுக்குப் போனதும் அவர் என்ன பேசினாலும் வாங்கிக்கறேன்" என்று எழுந்தேவிட்டாள்.

"உட்காருங்கம்மா" என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கிருமி என்கிட்ட இருக்கற எந்த மருந்துக்கும் மசியாதுன்னு ரிசல்ட்லயே வந்துடுச்சு. வெறுங்கையோட திரும்பினா எனக்கு மரியாதை இல்லையே. அஞ்சு நாளும் செவலைக்கு நான் போட்டது வெறும் உப்புத்தண்ணி."

அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். மேடையில் கணவர் மாலையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நின்றார்.

"அப்போ தினமும் எதுக்கு வந்தீங்க?"

"மடி எப்படிக் குணமாகுதுன்னு பார்த்து எழுதத்தான். ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த மாசம் வெளிவருது. களிம்பைக் கண்டுபிடிச்சவர்னு என் பேரைப் போட்டிருக்கேன். சார்கிட்ட நீங்கதான் கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."