இரண்டு மாத்திரை குறைகிறது

மனநோய்க்கான புது மருந்தை ஆராய்ச்சிக்காக அவனுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கி நான்கு வாரம் ஆகியிருந்தது. மீந்த மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார் ஆராய்ச்சி டாக்டர்.

"ஏழு இருக்கணும் தம்பி. அஞ்சுதான் இருக்கு. கூடுதலா போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. அளவு மீறியிருந்தா ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவாங்க."

அவன் காதுக்குள் பேசிய குரல்கள் இப்போதுதான் அடங்கியிருந்தன. எடுத்துவிட்டால் அவை திரும்பி வருமோ? ஒருவேளை தன்னை அறியாமல் விழுங்கியிருப்பானோ? அவன் தன் நினைவை நம்புவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

"போட்டிருப்பேன்போல," என்றான் மெல்ல.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா நிமிர்ந்தாள்.

"அவன் தொடலைங்க. நான்தான் முழுங்கினேன்."

"நீங்களா? எதுக்கு?"

"புது மருந்துன்னீங்க. தலைக்குள்ள போய் என்ன பண்ணுமோ, எப்படிங்க அப்படியே இவன் வாயில போடறது? முதல் மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி நானே ரெண்டு போட்டுப் பார்த்தேன்."

டாக்டர் மாத்திரைகளைத் திரும்பப் புட்டியில் போட்டார்.

"தம்பி தொடரட்டும். உங்களைத்தான் ஆராய்ச்சியிலேருந்து நீக்கணும்."

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"அப்போ என் ஞாபகம் சரிதானாக்கா?"