மற்றொருவர் சொல்வது

"யாருய்யா அந்த மற்றொருவர்?"

அரசர் தோல் ஏட்டை மடியில் போட்டுத் தட்டினார். எதிரே எழுத்தர் ஹப்தே எழுதுகோலைக் கீழே வைத்தான்.

லூக்கா நற்செய்திக்கு அரசரே விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வசனத்துக்கு ஒரு பொருள் சொல்லிவிட்டு, 'மற்றொருவர் சொல்வது' என்று இன்னொரு பொருளையும் சேர்ப்பது கோண்டார் நகரத்து வேதப் பண்டிதர்களின் வழக்கம். அந்த மற்றொருவர் யாரென்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அரசர் கேட்டுவிட்டார்.

"பழைய வாத்தியார் யாராவதா இருக்கும், ஜான்ஹோய் பேரரசே."

"அவங்க ஏடெல்லாம் எனக்கு மனப்பாடம். இது எதுலயும் இல்ல. வாசி."

காணாமல் போன ஆட்டைப் பற்றிய இடம். ஹப்தே செருமிக்கொண்டு வாசித்தான். "'வழிதவறிய ஆடு கலகக்காரன். மேய்ப்பன் அதைத் தோளில் போட்டுக்கொள்வது, மறுபடி ஓடாதபடி காலைப் பிடித்துக்கொள்ளவே.' இது தங்களோடது. 'மற்றொருவர் சொல்வது: தொலைந்தது ஆடு அல்ல. அது இல்லாத பொழுதெல்லாம் மேய்ப்பன்தான் தொலைந்திருந்தான்.'"

"என்னோடதை விட நல்லா இருக்கு. அதான் வயித்தெரிச்சல்."

சிரிக்கலாமா கூடாதா என்று ஹப்தேக்குப் புரியவில்லை. கலகக்காரர்களோடு சேர்ந்த இளவரசன் கிடானே இரண்டு வருடமாக மலைச் சிறையில் கிடக்கிறான். அவனை விடுவித்துக் கீழே இறக்காமல் இருக்க நியாயம் தேடித்தான் அரசர் வேதத்தையே புரட்டுகிறார் என்பது அரண்மனைச் சமையற்காரிக்குக்கூடத் தெரியும்.

"இதை ஒத்துக்கிட்டா நாளைக்கே அவனை இறக்கியாகணும். எவனோ என் புஸ்தகத்துக்குள்ள புகுந்து எனக்கே புத்தி சொல்றான். பேரைச் சொல்லு. இல்லேன்னா நீயும் மலையேறு."

சொல்ல மாட்டேன் என்று ஹப்தே சத்தியம் செய்து கொடுத்திருந்தான், பாவம்.

"அவரை ஏன் மிரட்டறீங்க? நான்தான் எழுதச் சொன்னேன்." திரையை விலக்கிக்கொண்டு அரசி ஸெமாவித் வந்தார்.

"நெனச்சேன். பெத்தவ புலம்பலெல்லாம் வேத விளக்கத்துல ஏறக்கூடாது. ஹப்தே, கத்தியை எடு. அந்த வரியைச் சுரண்டி அழிச்சிடு."

ஹப்தே கத்தியை எடுத்தான்.

"சுரண்டட்டும். ஆனா அது என் பேச்சு இல்ல. விளக்கம் சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு ஏது?"

"பின்னே யாரோடது?"

"நாலு வயசுல கிடானே சந்தையில காணாமப் போனானே, ஞாபகம் இருக்கா? பொழுது சாயறப்போ அவனைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி நின்னு அழுதீங்க. 'இவன் தொலையலடி, இவ்வளவு நேரமும் நான்தான் தொலைஞ்சு போயிருந்தேன்'னு சொன்னீங்க. அந்த மற்றொருவர் நீங்கதான்."

அரசர் ஹப்தேயின் கையைப் பிடித்து, கத்தியை ஒரு வரி மேலே, 'கலகக்காரன்' என்ற சொல்லின் மேல் நகர்த்தி வைத்தார்.

"இதைச் சுரண்டு."