பச்சை முத்துகள்

கையை எத்தனை தடவை கழுவினாலும் பிண நாற்றம் போகவில்லை. உருளைக்காரர் விரல்களை முகர்ந்து பார்த்தார். மறுபடி சோப்பை எடுத்தார்.

காலையில்தான் வயல் முழுக்க அழுகிய உருளைக்கிழங்கை வாரிக் குழியில் தள்ளிவிட்டு வந்திருந்தார். தொட்ட இடமெல்லாம் சீழாக வழிந்தது.

"போதும்ணே, தோல் உரிஞ்சிடும். உட்காருங்க" என்றாள் தங்கை. செடிகளின் நோயை ஆராய்வதுதான் அவள் வேலை; அவளுடைய ஆய்வகத்துக்குத்தான் வந்திருந்தார்.

மறுபடி எதை நடுவது என்று தெரிந்துகொள்ள, இரண்டு உருளைச் செடிகளின் இலைகளை அவளிடம் கொடுத்திருந்தார். ஒன்று வீட்டுக்குப் பின்னால் புதிதாக வைத்தது. தளதளவென்று கண்ணைப் பறிக்கும். மற்றது வயல் வேலியோரம் நின்ற சவலை. இலையெல்லாம் கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளி. பார்த்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

"இலையைக் கரைச்சு செல்லைத் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கேன். ரெண்டு தட்டுலயும் அழுகல் கிருமியோட சாறும் விட்டாச்சு. மேடம் கூப்பிடறாங்க, வந்து சொல்றேன்."

அவள் தலை மறைந்ததும் உருளைக்காரர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். 'புதுச் செடி' என்று எழுதி ஒட்டியிருந்த தட்டில் செல்கள் பச்சை முத்துகளாக மினுமினுத்தன. அடுத்த தட்டைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். சவலையின் செல்கள் அத்தனையும் சுருங்கி உடைந்து, யாரோ வாந்தி எடுத்ததுபோலக் கிடந்தன.

த்தூ! உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"வேலியோரம் நிக்குதே, அந்தப் புள்ளி விழுந்த சனியன்... பிடுங்கிக் கொளுத்து. கிழங்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்காதே."

"ஏங்க, சுத்திலும் அழுகியும் அது பாட்டுக்கு நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"சொன்னதைச் செய். இன்னொரு தடவை அந்த நாத்தத்துல கை வைக்க என்னால ஆகாது!"

தங்கை வருவதற்குள் மனைவியே கூப்பிட்டுவிட்டாள். "எரிச்சாச்சுங்க. வெறும் சாம்பல்தான்."

தலைமுழுகியதுபோல் இருந்தது அவருக்கு. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

தங்கை சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள். "நீங்களே பார்த்துட்டீங்களா? வேலியோரச் செடியோட செல்லெல்லாம் எவ்வளவு வேகமா செத்திருக்கு பாருங்கண்ணே! கிருமியை அடையாளம் கண்டுக்கிட்ட செல் தானாவே செத்துடும். அது செத்து வழியை அடைச்சாத்தான் நோய் பக்கத்து செல்லுக்குப் போகாது."

உருளைக்காரர் நீட்டிய காலை இழுத்துக்கொண்டார்.

"அப்போ... உயிரோட இருக்கே, அது?"

"அதுதான் அழுகும்."