மயால்ஜியா, மூன்றாவது தடவை

“மயால்ஜியான்னு எழுதிக்கோங்க, சிஸ்டர்,” என்றார் டாக்டர்.

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பேனாவை எடுத்தவள் எழுதாமல் நின்றாள். உடம்பு வலி என்று வந்திருந்த பெண்ணுக்கு ஊசி போடும்போது, அவள் கையில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்திருந்தாள்.

“அது வெறும் தசைவலிதானே டாக்டர்? இவங்களை யாரோ அடிச்சிருக்காங்க.”

“தசை வலிச்சா அதுக்குப் பேரு மயால்ஜியா. ஏன் வலிக்குதுன்னு கேக்கிறது அந்தப் பேரோட வேலை இல்ல. உங்க வேலையும் இல்ல.” அவர் கை கழுவப் போனார். “பாவம், ஃபீஸ் வாங்காம அனுப்புங்க.”

பதிவேட்டைப் புரட்டினாள். அந்தப் பெண் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டுக்கும் மயால்ஜியா என்றே எழுதியிருந்தது.

நர்ஸ் அந்தப் பெண்ணோடு வாசல்வரை கூடவே போனாள்.

“அக்கா, அடிச்சது வீட்டுக்காரர்தானே?”

அவள் தலையாட்டினாள்.

“ஸ்டேஷனுக்குப் போவோம். நான் சாட்சி சொல்றேன். டாக்டரும் இரக்கமுள்ளவர்தான். எடுத்துச் சொன்னா உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவார்.”

அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

“வேணாம் சிஸ்டர். அவர் வர்றதுக்குள்ள சமைச்சு வைக்கணும்.”

“எத்தனை மணிக்கு வருவார்?”

“எட்டுக்கு மேல. அதான் எழுதிப் போட்டிருக்காரே,” என்று வாசல் பலகையைக் காட்டினாள்.

டாக்டரின் பெயருக்குக் கீழே, ‘மாலை ஐந்து முதல் எட்டு வரை’ என்று இருந்தது.