தலைமை-1

அந்த ஆபீசில் யாருக்கும் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் சர்வர் என்ற ஒரே பெட்டியின் வயிற்றுக்குள் ஓடின. பாஸ்வேர்டு போட்டால் அவரவருக்கென்று ஒரு கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கும். ‘கிளை-1’, ‘கிளை-2’ என்று வரிசையாகப் பெயர்.

மானேஜருக்கு அது உறுத்தியது.

"கிளார்க்குக்கும் எனக்கும் ஒரே மாதிரிப் பேரா? எனக்கு ‘தலைமை’ன்னு புதுசா ஒண்ணு உண்டாக்குய்யா."

"சார், பேரை மாத்தினா ஹெட் ஆபீஸ்ல..." என்று இழுத்தார் சிஸ்டம்காரர்.

"சொன்னதைச் செய்!"

செய்தார். மாதக் கடைசியில் ஹெட் ஆபீசிலிருந்து போன் வந்தது. வருகையைக் கணக்கெடுக்கும் அவர்களுடைய புரோகிராமுக்குக் ‘கிளை’யைத் தவிர வேறு பெயர் தெரியாது. மானேஜர் மாதம் முழுக்க வேலைக்கே வரவில்லையாம். சீட்டைக் கிழிக்கப் போகிறார்களாம்.

"ஐயோ, தினம் வந்தேனே! வேணும்னா இவரையே கேளுங்க!"

போன் கைமாறியது. வாங்கிய சிஸ்டம்காரருக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் பழுதாகி, வாரம் முழுக்கக் கையால் எழுதி வேலை பார்த்த ஒரு பெண் கிளார்க்கை, "நீ வந்ததா கம்ப்யூட்டர் சொல்லலையே" என்று வீட்டுக்கு அனுப்பியவர் இதே மானேஜர்தான்.

"அவர் வந்ததா கம்ப்யூட்டர் சொல்லலையே சார்" என்றார் சிஸ்டம்காரர்.

சாயங்காலம் வீட்டில் பாதிக் கதையை மட்டும் சொன்னார். மனைவி பதறிப்போனாள்.

"அடப் பாவமே! என் வேலையைப் பறிச்சவர்தான், இருந்தாலும் அவருக்கும் குடும்பம் இருக்கே. தினம் வந்தாருன்னு உண்மையைச் சொல்லிட்டீங்கல்ல?"

"ம்" என்றார் சிஸ்டம்காரர்.

எந்தக் கம்ப்யூட்டரும் இவ்வளவு சுருக்கமாகப் பொய் சொன்னதில்லை.