தார்ன்பி என்று ஒரு பேர்

கையிலிருந்த காபி தளும்பி ஜெரால்டு தார்ன்பியின் சட்டையில் கொட்டியது. பின்னே, முன்பின் தெரியாத பெண் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் பேர் உள்ளவர்களில் பாதிப் பேர் அறுபதைப் பார்த்ததில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கை நிலையாக நிற்கும்?

அந்தப் பெண் ஹுமா. சொந்த ஊர் வடலூர்; சென்னையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில் டீப்பாய் கொள்ளாமல் ஒரு நீளத் தாளை விரித்திருந்தாள். தாள் முழுக்கக் கோடுகள், கோட்டு முனையெல்லாம் பேர்கள், பல பேர்களின் மேல் சிவப்பில் சிலுவைக்குறி.

"தார்ன்பிங்கிறது இங்கிலாந்துல ஒரு சின்ன ஊரு சார். முள்ளுமரம் நின்ன ஊருன்னு அர்த்தம்."

"நம்ம பக்கம் ஆலமரத்தடி, புளியமரத்தடின்னு சொல்ற மாதிரியா?" ஜெரால்டு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். அந்த ஊர விட்டுப் பிழைக்கப் போனவங்களுக்கு ஊரே பேராயிடுச்சு. பண்ருட்டிலேர்ந்து வந்தவர நாம பண்ருட்டியார்னு சொல்றதில்ல? அதுல ஒருத்தர் இருநூறு வருஷம் முன்னாடி கடலூர்ல வந்து எறங்கியிருக்காரு. இங்கயே கல்யாணம் கட்டி, பிள்ளைங்க ரயில்வே, கோலார் சுரங்கம்னு பரவிட்டாங்க. பேர் போன எடத்துக்கெல்லாம் நோயும் கூடவே போயிருக்கு."

"என்ன நோயிங்க?"

"ஐம்பது வாக்குல கை லேசா உதறும். அப்புறம் நடை தடுமாறும், பேச்சு குழறும். குணப்படுத்த மருந்து கிடையாது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

தாளின் அடியில் 'ஏ. ஜெரால்டு தார்ன்பி, நெய்வேலி' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் வெறுமனே நீண்டு நின்றது. அங்கே தன் மகள் ஏஞ்சலின் பேர்தான் வரும் என்று அவனுக்குப் புரிந்தது. தையில் அவளுக்குக் கல்யாணம். வருகிற மாதம் அவனுக்கு ஐம்பது.

அவன் அம்மா மேரிசெல்வி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டென்று ஜெரால்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயய்ய! ஏம்மா, நீயாவது சொல்லக்கூடாதா? இது எங்க குடும்பப் பேரே இல்லீங்க!"

ஓடிப்போய் அலமாரி மேலிருந்த அப்பாவின் படத்தை எடுத்துவந்து தாளின் மேலேயே வைத்தான்.

"எங்கப்பா ஆரோக்கியதாஸ். மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டுல மண்ணு அள்ளிக்கினு இருந்தவரு. அங்க ஃபோர்மேனா இருந்த ஆங்கிலோ இந்தியர்தான் தார்ன்பி. அவரு சொல்லித்தான் அப்பா பர்மனன்ட் ஆனாரு. எனக்கு ஞானத்தகப்பனும் அவருதான். அந்த நன்றிக்கு அவரு பேர எனக்கு வச்சாங்க. ஸ்கூல் சர்டிபிகேட்டுலயும் அதுவே ஒட்டிக்கிச்சு."

ஹுமா நிமிர்ந்து மேரிசெல்வியைப் பார்த்தாள். "அப்படியாம்மா?"

"ஆமாம்மா. பேரு வச்சது இவங்கப்பாதான். நான் அப்ப அந்த தார்ன்பி தொரை வூட்டுல சமைச்சுகினு இருந்தேன். இவனுக்கு ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட அவரு ஆஸ்திரேலியா போயிட்டாரு."

ஹுமாவுக்கே போன மூச்சு வந்தது. "மன்னிச்சுக்குங்க சார். இங்கிலாந்துல குடும்பப் பேர் வந்தா ரத்தமும் வந்ததாத்தான் அர்த்தம். நாம பிரசவம் பார்த்த டாக்டர் பேரக்கூடப் பிள்ளைக்கு வைப்போம்ல? எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

பென்சிலால் அவன் பேரை அடித்தாள். ரத்த உறவு இல்லை என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். ஜெரால்டு போட்ட கையெழுத்து கோழிக்கிறுக்கலாகக் கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடியது.

"ரெண்டு வாரமா ஓவர்டைம்மா. மைன்ஸ்ல மண்ணு வெட்டுற அந்த ராட்சச மிஷின ஓட்டி ஓட்டி கை இப்படித்தான் ஆடுது" என்று வாய்விட்டுச் சிரித்தான். ஹுமாவும் சிரித்தபடியே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வெளிக்கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் அவன் சோபாவில் காலை நீட்டினான். "போன உசுரு திரும்பி வந்துச்சும்மா. இன்னொரு காபி போடு, நல்லா ஸ்ட்ராங்கா!"

மேரிசெல்வி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். கல்யாணத்துக்கு எந்த மண்டபம், எத்தனை வேன் என்று குஷியாகப் பேசிக்கொண்டே டம்ளரை வாங்கினான். டபராவில் டம்ளர் தட்டிக் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது அவனுக்குப் பயம் எதுவும் இல்லை.

மேரிசெல்வி மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்தாள். பிறகு டீப்பாயில் இருந்த புருஷன் படத்தை எடுத்து, முகம் தெரியாதபடி குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் பஸ் ஏறியிருக்காது, கூப்பிட்டு ரத்தத்தக் குடுத்துடு ஜெரால்டு."