அசல் மனித இசை

தணிகைவேல் வியாசர்பாடி வாடகை வீட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தான். ஸ்டுடியோ என்றால் பீரோ. மனைவி கலையரசியின் பட்டுப்புடவைகள்தான் எதிரொலியை விழுங்கும் சுவர்கள். மைக்குக்கு முன்னால், மூச்சுச் சத்தத்தை வடிகட்ட, மாவுச் சல்லடையில் இழுத்துக் கட்டிய பழைய சாக்ஸ். உள்ளே குந்தி, கதவைச் சாத்திக்கொண்டு, சுருதி இம்மியும் பிசகாமல் தன் முதல் பாட்டைப் பதிவு செய்து இசைத் தளத்துக்கு அனுப்பினான்.

வியர்வையைத் துடைப்பதற்குள் பதில் வந்தது.

"மனிதர்கள் இவ்வளவு சுத்தமாகப் பாடுவதில்லை. இயந்திரக் குரலென்று சந்தேகித்து நிராகரிக்கிறோம்."

இதைக் கண்டுபிடித்ததும் ஓர் இயந்திரம்தான். மனிதர்களைப் பற்றி அதற்குத்தானே நன்றாகத் தெரியும்!

சரி, மனிதனாகித் தொலைப்போம் என்று கூடத்தில் உட்கார்ந்து பாடினான். பல்லவியில் குக்கர் விசிலடித்தது. சரணத்தில் கலையரசி நுழைந்தாள்.

"யோவ், தண்ணி லாரி வந்து நிக்குது, நீ இங்க குந்திகினு ராகம் இழுக்கிறியா? கொடத்த யாரு தூக்குறது, உன் மைக்கா?"

எதையும் வெட்டாமல் அப்படியே அனுப்பினான். இந்த முறை சான்றிதழே வந்தது.

"வாழ்த்துகள்! அசல் மனித இசை. நடுவில் குறுக்கிட்ட இயந்திரக் குரலை மட்டும் நீக்கிவிட்டு வெளியிட்டிருக்கிறோம்."

சாயங்காலத்துக்குள் ஊரே குக்கரையும் கலையரசியையும் மட்டும் கேட்டுக் கிறங்கிப்போனது. அவள் தலையை வாரிக்கொண்டு மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு கேக்குறாங்களாம். நீ பீரோவுக்குள்ள போயி கதவ சாத்திக்க. உன் சத்தம் வெளிய வரக் கூடாது."